பிடித்து வைத்த துப்பாக்கி

மயிலை நற்குடிமக்கள் சங்கத்தில் மூன்று வருஷமாக ஒரே விவாதம். இந்த நாட்டு ஜனங்கள் கையில் துப்பாக்கி இருக்கலாமா, கூடாதா? சங்கத்து அங்கத்தினர்களில் துப்பாக்கி வைத்திருந்தவர் ஒரே ஒருவர்தான். மற்றவர்கள் பென்சில் சீவுவதற்கே வேலைக்காரனைக் கூப்பிடுகிறவர்கள். அதனால் விவாதத்துக்கு எந்தத் தடங்கலும் இருக்கவில்லை.

துப்பாக்கி வைத்திருந்தவர் ராவ்பகதூர் தாண்டவராயன். வெள்ளைக்காரன் ஆண்ட வரைக்கும் அவர் சொல்லி வந்தது, பாமரன் கையில் துப்பாக்கி போனால் நாடு சுடுகாடு, ஆயுதச் சட்டம் வாழ்க என்பது. எதிர்வரிசையில் வக்கீல் கஸ்தூரிரங்கன். கதர் ஜிப்பா, இரண்டு தடவை சிறை. "ஆயுதத்தைப் பறித்து நம்மை ஆண்மையில்லாத ஜாதி ஆக்கிவிட்டான்" என்று முப்பது வருஷமாக மேடைதோறும் மேஜையைக் குத்தியவர்.

சுதந்திரம் வந்தது. மந்திரிசபை கஸ்தூரிரங்கனின் கட்சி கைக்குப் போனது. அடுத்த கூட்டத்தில் கஸ்தூரிரங்கன் எழுந்து, பொறுப்பற்றவர்கள் கையில் ஆயுதம் போகாமல் சர்க்கார்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். ராவ்பகதூர் எழுந்து, இப்படிப்பட்ட சர்க்காரிடமிருந்து தப்பிக்கப் பிரஜை ஒவ்வொருவனுக்கும் துப்பாக்கி வேண்டும் என்றார். நேற்று இவர் பேசியதை இன்று அவர் பேசினார், அவர் பேசியதை இவர் பேசினார். இரண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை. சபையும் கவனிக்கவில்லை. எப்போதும் கை தட்டும் இடத்தில் தட்டியது.

சங்கத்தின் காரியதரிசி ஆம்ப்ரோஸ். சாந்தோமில் இங்கிலீஷ் வாத்தியார். யார் என்ன சொன்னாலும் "இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது" என்பார். பொறிக்குள் இருக்கும் எலியிடமும் வெளியே இருக்கும் பூனையிடமும் அவர் அதையே சொல்லக்கூடியவர். அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. பேசிப் பேசிப் பிரிந்தவர்களை ஒரே தோணியில் உட்கார வைத்தால் என்ன? மார்கழியில் அடையாறு கழிமுகத்தில் வாத்து இறங்கும். ராவ்பகதூர் வருஷா வருஷம் சுடப் போகிறவர். வக்கீலையும் கூட்டிக்கொண்டு போகட்டும். திரும்பி வந்ததும் ஒற்றுமைக் கூட்டம் போடலாம், பத்திரிகைக்காரர்களைக் கூப்பிடலாம்.

அப்படித்தான் ஒரு மார்கழி விடியலில் ஆம்ப்ரோஸையும் சேர்த்து மூன்று பேரும் தோணியில் போனார்கள். நாணலுக்கு இந்தப் பக்கம் தோணி நின்றது. ராவ்பகதூர் தம் இரட்டைக் குழலைத் துடைத்து, தோட்டா போட்டு, மடியில் வைத்தார். பிறகு ஒரு பெருந்தன்மை அவரைப் பிடித்துக்கொண்டது. துப்பாக்கியை வக்கீலிடம் நீட்டினார்.

"இந்தாங்க சார். உங்க ராஜ்ஜியம், நீங்களே சுடுங்க."

கஸ்தூரிரங்கனிடம் லைசென்ஸ் கிடையாது. லைசென்ஸ் இல்லாதவன் கையில் துப்பாக்கியைக் கொடுப்பது குற்றம், வாங்குவது அதைவிடக் குற்றம். அந்தச் சட்டத்தைப் பற்றி மூன்று வருஷம் பேசிய இருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. முப்பது வருஷமாக மேடையில் கேட்ட பொருள் முதன்முறையாக வக்கீலின் கைக்கு வந்திருந்தது. அவர் அதைக் கைக்குழந்தையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கினார்.

நாணலுக்கு அந்தப் பக்கம் தண்ணீரில் படபடவென்று ஒரு சத்தம்.

"வாத்துக் கூட்டம் எழும்புது. இப்போ," என்றார் ராவ்பகதூர்.

வக்கீல் சுட்டார்.

அது வாத்து இல்லை. கழிமுகத்தில் மடவை மீன் பிடிக்கிறவர்கள் விடியலில் செய்கிற காரியம் ஒன்று உண்டு. ஒருத்தர் வலையின் அடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் கழுத்துவரை அமிழக் குனிந்து நிற்பார். இன்னொருத்தர் பனைமட்டையால் தண்ணீரை அடித்துக்கொண்டே வருவார். சத்தத்துக்குப் பயந்து மீன் வலைக்கு ஓடும். குப்பத்துக் குழந்தைக்கும் தெரிந்த சத்தம் அது. ராவ்பகதூர் பிறந்ததிலிருந்து அந்த மடவையைச் சாப்பிட்டு வளர்ந்தவர். அது எப்படித் தட்டுக்கு வருகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

மட்டை அடித்தவள் கெங்கம்மா. கயிற்றைப் பிடித்து நின்றவன் அவள் புருஷன் அங்கமுத்து.

"விழுந்துதா? ஓய், விழுந்துதா?" என்று கேட்டார் வக்கீல். குரலில் ஒரு பதினெட்டு வயசு வந்திருந்தது.

பதிலுக்கு நாணலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண்ணின் அலறல் வந்தது. கொஞ்ச நேரத்தில் நாணல் விலகியது. நாலைந்து பேர் ஒருவனைத் தூக்கிக்கொண்டு மணல்திட்டுக்கு ஏறினார்கள். முகத்தைப் பொத்தியிருந்த அவன் விரல்களின் வழியாக ரத்தம் இறங்கியது. அவர்களை விட்டுப் பிரிந்து ஒருத்தி நேரே தோணிக்கு நடந்து வந்தாள். இடுப்பளவுத் தண்ணீரில் ஓட முடியாத ஆத்திரம் அவள் நடையில் இருந்தது. தோணி விளிம்பைப் பிடித்தாள். மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். யார் மடியில் துப்பாக்கி இருந்ததோ அவர் மடியிலிருந்து எடுத்தாள். வக்கீலின் கை தானாகத் திறந்துகொண்டது.

"குப்பத்துக்கு வந்து சொல்லிட்டு வாங்கிக்க," என்றாள். அவ்வளவுதான் பேசினாள்.

அந்த வார்த்தையின் பொருள் தோணியில் இருந்த மூன்று படிப்பாளிகளுக்கும் விளங்கவில்லை. குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் படகு இன்னொருவன் வலையைக் கிழித்துவிட்டால், கிழித்த படகின் துடுப்பைப் பிடுங்கி அம்மன் கோயில் சுவரில் சாய்த்துவிடுவார்கள். படகுக்காரன் வர வேண்டும். வலைக்காரனின் முகத்தைப் பார்த்து "நான்தான் கிழிச்சேன்" என்று சொல்ல வேண்டும். சொன்னதும் துடுப்பை எடுத்துக்கொண்டு போகலாம். அபராதமோ அடிதடியோ கிடையாது. துடுப்பில்லாமல் யாரும் கடலுக்குப் போக முடியாதாகையால், காலையில் நடந்த தவறு அநேகமாக அந்தி சாயும் முன் தீர்ந்துவிடும். இதற்கு வக்கீல் தேவைப்படாது. அதனால்தான் மயிலாப்பூருக்கு இந்த வழக்கம் தெரியாமல் போயிற்று.

கெங்கம்மா துப்பாக்கியைக் கொண்டுபோய் அம்மன் கோயில் சுவரில் சாய்த்தாள். அங்கமுத்துவின் வலது கண் போய்விட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இடது கண் மட்டும் மிஞ்சியவன் வலை வீசினால் அது அவன் நினைத்த இடத்தில் விழாது. எவ்வளவு தூரம் என்று ஒற்றைக் கண்ணால் சொல்ல முடியாது. அதை டாக்டர் சொல்லவில்லை. குப்பத்துக்கே தெரியும்.

ராவ்பகதூர் பங்களா தாழ்வாரத்தில் மூன்று நற்குடிமக்களும் கூடினார்கள். சுட்டது வெளியே தெரிந்தால் வக்கீலுக்கு நஷ்டம். யாருக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கொடுக்கலாம் என்று சர்க்காருக்கு யோசனை சொல்ல ஒரு கமிட்டி போடப் போவதாகவும், அதில் அவர் பெயர் இருப்பதாகவும் பேச்சு. கொடுத்தது தெரிந்தால் ராவ்பகதூருக்கு நஷ்டம். லைசென்ஸ் போய்விடும். பட்டம் கொடுத்தவன் கப்பலேறிவிட்ட நிலையில், பெரிய மனுஷன் என்று காட்டிக்கொள்ள அவருக்கு மிஞ்சியிருந்தது அந்தத் துப்பாக்கி ஒன்றுதான். மூன்று வருஷமாக எந்தத் தத்துவமும் சேர்த்து வைக்காத இருவரையும் இந்த நஷ்டம் அரை மணியில் சேர்த்து வைத்தது. காபி ஆறுவதற்குள் முடிவாகிவிட்டது. துப்பாக்கி பங்களாவிலிருந்து திருட்டுப் போயிற்று. குப்பத்து ஆட்கள் மீது சந்தேகம். புகாரை நல்ல இங்கிலீஷில் எழுதியவர் ஆம்ப்ரோஸ். எழுதும்போது அவர் மனசு உறுத்தியது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். எந்த வாக்கியத்திலும் அது பேனாவைத் தடுக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

புகாரைக் கொடுப்பதற்கு முன் சமாதானத்துக்கும் ஒரு வழி பார்க்கலாம் என்று ஆம்ப்ரோஸே குப்பத்துக்குப் போனார். கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி அம்மன் கோயில் முன் நின்றார். சுவரில் துப்பாக்கி சாய்ந்திருந்தது. பக்கத்தில் யாருடையதோ துடுப்பு ஒன்று. கெங்கம்மாவுக்குப் பணம் வேண்டியிருக்கும் என்று நினைத்து அதைத்தான் முதலில் சொன்னார். அவள் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"கோவத்தை விடும்மா," என்றார். "எதையும் ரெண்டு பக்கமும் பார்க்கணும்."

"ரெண்டு பக்கமா?" என்றாள் கெங்கம்மா. "என் ஊட்டுக்காரருக்கு இப்ப ஒரு பக்கந்தான் தெரியுது, வாத்தியாரே."

ஆம்ப்ரோஸ் கைக்குட்டையை மடித்தார், பிரித்தார்.

"நான் இன்னா கேட்டுட்டேன்? சுட்டவன் வரட்டும், அவர் மூஞ்சியப் பாத்து நான்தான்னு சொல்லட்டும், எடுத்துக்கினு போவட்டும். மட்டைய அடிச்சது நானு. என் சத்தத்துக்குத்தான் சுட்டான். நெதம் ராவுல அந்த சத்தம் எனக்குக் கேக்குது. அவனுக்கு இன்னா கேக்குது? நீ தோணியில குந்திக்கினு இருந்த. நீயாவது சொல்லு, யார் சுட்டது?"

சுட்ட நேரத்தில் மாதா கோயில் மணி அடித்ததாகவும், தாம் கண்ணை மூடி ஜெபம் சொல்லிக்கொண்டிருந்ததாகவும் ஆம்ப்ரோஸ் சொன்னார். மணி அடித்தது உண்மை. கண்ணை மூடியதும் உண்மை. மூடியது வெடிச்சத்தம் கேட்ட பிறகு.

"சாமி பேரச் சொல்லி தப்பிச்சிக்கிற. போ," என்றாள். அவர் போனார். புகாரும் போனது.

மறுநாள் இன்ஸ்பெக்டர் குப்பத்துக்கு வந்து, திருட்டுச் சொத்து வைத்திருப்பதற்கு ஒரு தண்டனை, லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதற்கு இன்னொரு தண்டனை என்று விளக்கினார். அந்தப் பங்களாவின் வாசப்படி எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்றுகூடத் தனக்குத் தெரியாது என்று கெங்கம்மா சொன்னாள். துப்பாக்கியை இன்ஸ்பெக்டர் தொடவில்லை. சுற்றிலும் குப்பமே கூடி நின்றது, பேசாமல் நின்றது. நாளை சாயந்திரம் வேன் கொண்டு வருவதாகவும், துப்பாக்கியோடு அவளையும் ஏற்றிக்கொண்டு போகப் போவதாகவும் சொல்லிவிட்டு அவர் புறப்பட்டார்.

வேன் வருவதற்கு முன் அவர்கள் இருக்கும் இடத்துக்குத் தானே போவது என்று கெங்கம்மா முடிவு செய்தாள். லஸ் பக்கம் ஒரு மண்டபத்தில் அன்றைக்கு ஒற்றுமைக் கூட்டம் என்று மீன்கூடையை இறக்க விடாத மாட வீதியில் போகும்போதே காதில் விழுந்திருந்தது. துப்பாக்கியைக் கிழிந்த வலையில் சுற்றிக் கூடையில் வைத்தாள். கட்டுப்போட்ட கண்ணோடு அங்கமுத்துவும் கிளம்பினான். அவன் கை அவள் தோள்மேல் இருந்தது. தெருப் பள்ளங்கள் அவனுக்கு இன்னும் பழகவில்லை.

மண்டபத்தில் ரோஜா மாலை வாசனை. ராவ்பகதூர் வக்கீலுக்கு மாலை போட்டார், வக்கீல் ராவ்பகதூருக்குப் போட்டார். இன்ஸ்பெக்டர் முன்வரிசையில் விசேஷ அழைப்பாளராக உட்கார்ந்திருந்தார். "ஆயுதம் தகுதியுள்ளவர்கள் கையில் மட்டுமே இருக்க வேண்டும்" என்று ஆம்ப்ரோஸ் தீர்மானத்தை வாசித்தார். தகுதியுள்ளவர்கள் யார் என்று யாரும் கேட்கவில்லை. எல்லாரும் தங்களைத்தான் பார்த்துக்கொண்டார்கள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பல வருஷப் பகை இன்று தீர்ந்ததாகக் கஸ்தூரிரங்கன் உருகிப் பேசிக்கொண்டிருக்கையில் மீன் வாசனை உள்ளே வந்தது.

கெங்கம்மா யாரையும் கேட்காமல் நடுவழியே நடந்து போய் மேடை மேஜைமேல் கூடையை வைத்தாள். வலையைப் பிரித்தாள். குழல் முன்வரிசையைப் பார்த்தது.

ராவ்பகதூர் பதறி எழுந்தார். "ஒரு குழல்ல இன்னும் தோட்டா இருக்கு," என்றார் ரகசியக் குரலில். அந்த ரகசியம் மண்டபம் முழுக்கக் கேட்டது. மூன்று வருஷமாகத் துப்பாக்கியைப் பற்றிப் பேசியவர்கள் முதன்முதலாக ஒரு துப்பாக்கியைப் பார்த்தார்கள். முன்வரிசை இரண்டாகப் பிளந்து சுவரோரம் ஒதுங்கியது. விசேஷ அழைப்பாளரும் ஒதுங்கினார்.

"திருடலை," என்றாள் கெங்கம்மா. "இந்த வக்கீலய்யா மடியிலேர்ந்து எடுத்தேன். சுட்டவரு சொல்லட்டும், எடுத்துக்கட்டும். எனக்கு வேற ஒண்ணும் வாணாம்."

இன்ஸ்பெக்டர் தூரத்திலிருந்தே, இது உங்கள் துப்பாக்கிதானா என்று ராவ்பகதூரைக் கேட்டார். அவர் தம்முடையதுதான் என்றும் திருட்டுப் போனது என்றும் சொன்னார். கூடவே நண்பரையும் காப்பாற்றிவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. கேலி பேசிக் காரியம் சாதிப்பதில் அவருக்கு ஒரு பேர் உண்டு.

"இன்ஸ்பெக்டர் சார், வக்கீல் சுட்டார்னு இந்தப் பொம்பளை சொல்றா. நீங்களே பாருங்க அவரை. எந்தப் பக்கம் குழல், எந்தப் பக்கம் கட்டைன்னு அவருக்குத் தெரியுமா? முப்பது வருஷமா அவர் சுட்டதெல்லாம் வாயாலதானே."

சபை சிரித்தது. பயந்திருந்த சபை ஆகையால் அளவுக்கு மேல் சிரித்தது. அந்தச் சிரிப்பு ராவ்பகதூரைத் தூக்கிக்கொண்டு போனது.

"இவர் சுட்டா வாத்தே திரும்பி வந்து, ஐயா கை வலிக்குதான்னு கேக்கும்."

இன்னும் பலத்த சிரிப்பு. ஆம்ப்ரோஸ்கூடச் சிரித்தார். கஸ்தூரிரங்கன் சிரிக்கவில்லை. கழுத்து மாலைக்கு மேலே அவர் முகம் கறுத்துக்கொண்டு வந்தது. ஆண்மையில்லாத ஜாதி என்று முப்பது வருஷம் மற்றவர்களைப் பார்த்துச் சொன்ன வார்த்தை இப்போது அவரைப் பார்த்துச் சிரித்தது.

"நிறுத்துங்காணும்," என்றார். மேஜையைக் குத்தினார். துப்பாக்கி ஒருமுறை குதித்தது. "யாருக்குச் சுடத் தெரியாது? வாழ்க்கையிலேயே முதல் வேட்டு. நாணலுக்கு அந்தாண்டை, ஆள் கண்ணுக்கே தெரியாத தூரம். குறி தப்பித்தா? சொல்லும். நீர் பக்கத்துல உக்காந்துண்டு பாத்தீரோ இல்லையோ? நான்தான் சுட்டேன். ஒரே வேட்டுல விழுந்தது."

குறி தப்பாமல் விழுந்தது எதுவோ, அது தலையில் கட்டோடு மேடைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தது. அங்கமுத்து மிஞ்சிய கண்ணால் வக்கீலையே பார்த்தான். சுட்டவன் யார் என்று அவனுக்கு அந்த நிமிஷம்தான் நிச்சயமாகத் தெரிந்தது. தான் வெட்கப்பட வேண்டிய காரியம் எதையும் அவன் செய்யவில்லை. ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டவன் அவன்தான்.

"இவரப் பாத்து சொல்லு," என்றாள் கெங்கம்மா.

வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். மிகவும் வருந்தத்தக்க ஒரு சந்தர்ப்பம் என்பது போல ஏதோ இங்கிலீஷில் சொன்னார்.

"அந்த பாஷ அவருக்குத் தெரியாது. நம்ம பேச்சுல சொல்லு. மூஞ்சியப் பாரு."

அதற்குள் ராவ்பகதூர் வக்கீலின் ஜிப்பாவைப் பிடித்திருந்தார். பேசி வைத்ததைக் காற்றில் விட்டுவிட்டாயே, உன் கட்சி புத்தியே இதுதான் என்றார். துப்பாக்கியைக் கையில் திணித்தவன் யார், உன் கட்சிதான் வெள்ளைக்காரனுக்குக் குடைபிடித்தது என்றார் வக்கீல். மாலைகள் அறுந்து ரோஜா இதழ்கள் துப்பாக்கிமேல் கொட்டின. இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாக ஆம்ப்ரோஸ் இருவருக்கும் நடுவில் நின்று சொன்னார். இரண்டு பக்கமிருந்தும் அவருக்கு முழங்கை கிடைத்தது.

கெங்கம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இதழ்களைத் தட்டிவிட்டு, துப்பாக்கியை மறுபடி வலையில் சுற்றிக் கூடையில் வைத்தாள்.

"ஏம்மா, அதை வச்சிட்டுப் போ," என்றார் இன்ஸ்பெக்டர்.

"எழுதிக்கினு எடுத்துக்க," என்றாள். அவள் குரல் உயரவில்லை. "இவரு சுட்டேன்னு சொன்னத எழுது. அவரு குடுத்ததையும் எழுது. வாத்தியாரு பொய் எழுதினாரே, அத்தையும் எழுது. எல்லாம் எழுதி முடி. அப்புறம் துப்பாக்கிய எடுத்துக்க, என்னையும் இஸ்துக்கினு போ. நான் வரேன்."

இன்ஸ்பெக்டரின் கை சட்டைப் பையில் இருந்த பேனா வரைக்கும் போனது. மேடையைப் பார்த்தார். எழுத வேண்டிய பெயர்கள் மூன்றும் அங்கே கட்டிப் புரண்டுகொண்டிருந்தன. அவற்றில் ஒன்று நாளைக்குக் கமிட்டியில் உட்காரலாம். ஒன்று நேற்றுவரை கலெக்டரோடு டீ குடித்தது. கை பையிலிருந்து வெறுமனே திரும்பி வந்து தொப்பியைச் சரி செய்தது. தாம் இன்று அழைப்பாளராகத்தான் வந்திருப்பதாகவும், உத்தியோக முறையில் வரவில்லை என்றும் அவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

அவள் நடந்தாள். கூடையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த குழல் திரும்பிய பக்கமெல்லாம் நற்குடிமக்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். அவளுக்கு மயிலாப்பூரில் அப்படி ஒரு மரியாதை அதற்கு முன் கிடைத்ததில்லை.

கச்சேரி ரோட்டில் திரும்பினார்கள். அங்கமுத்து கல் தடுக்கித் தள்ளாடினான். அவள் நின்று, அவன் கையை எடுத்து மறுபடி தன் தோளில் வைத்தாள்.

"அதான் சொல்லிட்டானே," என்றான் அங்கமுத்து. "அத்த அங்கியே கடாசிட்டு வந்திருக்கலாம் இல்ல? இன்னாத்துக்குத் தூக்கிக்கினு வர?"

"உன்கிட்ட சொன்னானா?"

அவன் யோசித்தான். "இல்ல."

"அந்தக் கும்பல்கிட்ட சொன்னான். பெருமைக்கு சொன்னான். உன் கண்ணு அவனுக்கு கெலிச்ச கோப்ப." அவள் கூடையைத் தலையில் சரியாக நிறுத்திக்கொண்டாள். "கோயில் சுவத்துலயே கெடக்கட்டும். வந்து உன் மூஞ்சியப் பாத்து சொன்னாத்தான் குடுப்பேன்."

"வேன் வந்தா?"

"வரட்டும். அவன் எழுதமாட்டான். எழுதாம எடுக்கவும் மாட்டான்."

"அந்த வக்கீலு வருவானா, கெங்கா?"

கடல் பக்கமிருந்து காற்று எதிர்த்து அடித்தது. அவள் பற்களைக் கடித்துக்கொண்டு, அவன் பின்தங்கிவிடாத வேகத்தில் குப்பத்தைப் பார்த்து நடந்தாள்.